எஸ்டீம் கிராங்க்: பேலன்ஸ் செய்யணுமா, வேண்டாமா?

பொள்ளாச்சிப் பையன்:
கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் ஓட்ட பழைய மாருதி எஸ்டீம் காரின் 1.3 இன்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறேன். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வந்தாச்சு, நிமிடத்துக்கு 8000 சுற்று வரை போக ஆசை. கிராங்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பேலன்ஸ் செய்யணுமா என்று பட்டறையில் கேட்டால் "கம்பெனியிலேயே பேலன்ஸ் பண்ணித்தானுங்க வருது, எதுக்கு வெட்டிச் செலவு" என்கிறார்கள். நிஜமாவே தேவையில்லையாங்க?

லேத்து மாமா:
தம்பி, கம்பெனி பார்த்தது கம்பெனி பிஸ்டனுக்கு. பேலன்ஸ் தப்பினால் வரும் விசை, சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 40 மி.மீ. ஆரத்தில் 10 கிராம் தப்பி நின்றால் 6000-ல் 16 கிலோ இழுக்கும், 8000-ல் 28 கிலோவைத் தாண்டும், அத்தனையும் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் தலையில். நாலு பிஸ்டனையும் அதை ராடோடு கோக்கும் பின்னோடு சேர்த்து எடை போட்டு, லேசானதன் எடைக்கு மற்றதைக் குறையுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு மொத்த எடை ஒத்தால் போதாது, கிராங்க் பக்கப் பெரிய முனை தனி, பிஸ்டன் பக்கச் சின்ன முனை தனி. 1 கிராமுக்குள் வரணும். மளிகைக்கடைத் தராசோடு உட்கார்ந்துவிடாதீங்க.

ஈரோட்டான்:
மாமா சொன்னது சரி. கிராங்கைப் பேலன்சிங் மெஷினில் தனியாகச் சுற்றிப் பார்த்தபின் ஃப்ளைவீல், கிளட்ச் கவர் என ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். கவர் நிற்கும் இடத்தில் அடையாளம் போடுங்க, மாற்றி மாட்டினால் அத்தனையும் வீண். வி6, வி8 மாதிரி இன்ஜினுக்குத்தான் பாப்வெயிட் (பிஸ்டன், ராடுக்குப் பதிலாகக் கிராங்கில் கட்டும் எடை) கட்டணும், நேர்வரிசை நாலுக்கு வேண்டாம்.

பொள்ளாச்சிப் பையன்:
நன்றிங்ண்ணா. அப்போ அதிர்வே இருக்காதா?

லேத்து மாமா:
இருக்கும். கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும் அதிர்வு நாலு சிலிண்டரின் பிறவிக்குணம், கிராங்கில் துளை போட்டு எடையைக் குறைத்தெல்லாம் போகாது.