எக்செல்லில் இருக்கும் ஈல்டு மதிப்பை ஆட்டோகேட் வரைபடத்தோடு இணைப்பது எப்படி?

கோட்டுக்காரன்:
ஸ்டீல் பிரேம் ஒன்று வரைந்திருக்கிறேன், பாகம் ஒவ்வொன்றும் ஒரு பிளாக் (ஒரே பொருளாகச் சேர்த்த வரைபடத் துண்டு). ஈல்டு (ஸ்டீல் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்), டென்சைல் (அறுவதற்கு முன் தாங்கும் உச்ச அழுத்தம்) எண்கள் எல்லாம் தனியாக எக்செல்லில் இருக்கின்றன, அதைப் பார்த்துப் பார்த்து அட்ரிபியூட்டில் (பிளாக்கோடு ஒட்டியிருக்கும் எழுத்துக் குறிப்பு) கையால் அடிக்கிறேன். போன வாரம் ஸ்டீல் கிரேடை எஸ்275-லிருந்து எஸ்355 ஆக்கச் சொன்னார்கள். எட்டு பிளாக்கில் பழைய 275 அப்படியே நின்றுவிட்டது, வரைபடம் வெளியே போன பிறகுதான் கண்ணில் பட்டது. ஷீட்டில் மாற்றினால் இங்கேயும் மாற வழி உண்டா?

போல்ட்நட்டு:
முதலில் பிளாக்கிலிருந்து எண்ணை எடுத்துவிடுங்கள். கிரேடு பெயர் மட்டும் போதும். அப்புறம் டேட்டாஎக்ஸ்ட்ராக்‌ஷன் கட்டளையை (பிளாக் விவரங்களை அட்டவணையாக எடுத்துத் தருவது) ஓட்டுங்கள், போகிற வழியில் 'லிங்க் எக்ஸ்டர்னல் டேட்டா' என்று ஒரு பொத்தான் வரும், அதைப் பார்க்காமலே நெக்ஸ்ட் அடித்துப் போகிறவர்கள்தான் அதிகம் (நானும் வெகுநாள் அப்படித்தான்). அதில் எக்செல் ஃபைலைக் காட்டி, இரண்டு பக்கமும் பொருத்த வேண்டிய நெடுவரிசை கிரேடு என்று கொடுத்தால் ஈல்டும் டென்சைலும் அட்டவணையில் வந்து உட்காரும். ஷீட் மாறினால் அட்டவணையை அப்டேட் செய்ய வேண்டும். பிளாக்கில் இருப்பது மாறாது, அட்டவணை மட்டும்தான்.

கோட்டுக்காரன்:
வந்துவிட்டது, ஆனால் மூன்று வரிசையில் ஈல்டு காலி.

போல்ட்நட்டு:
ஷீட்டில் அந்தக் கிரேடு பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள்.

பழைய டிஸ்கொயர்:
எல்லாம் சரி, ஆனால் கிரேடை மட்டும் வைத்துப் பொருத்தினால் எண் தப்பாக வரும். எஸ்355 என்றால் எல்லாத் தடிமனுக்கும் 355 இல்லை. 16 மி.மீ. வரைக்கும்தான் 355 மெகாபாஸ்கல், அதைத் தாண்டி 40 வரை 345, 63 வரை 335. தடிமன் கூடக்கூட ஈல்டு இறங்கும். அதனால் ஷீட்டில் கிரேடோடு தடிமன் வரம்பையும் சேர்த்து 'எஸ்355-16', 'எஸ்355-40' என்று தனித்தனி வரிசை போடுங்கள், பிளாக்கிலும் அதே பெயர். கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்றால் அட்ரிபியூட்டை இன்விசிபிள் ஆக்கிவிடலாம். இன்னொன்று, நெடுவரிசைத் தலைப்பிலேயே அலகை எழுதுங்கள், வெறும் 50 என்று இருந்தால் அது கேஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு) என்று யாருக்குத் தெரியும்?

கோட்டுக்காரன்:
ஸ்பேஸ்தான், சரியாகிவிட்டது. ஆனால் என் பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) ஆறும் 25 மி.மீ., எல்லாவற்றுக்கும் 355 போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். டிசைன் பார்த்தவருக்கு இப்போதே போன் போடுகிறேன்.