புதுப்பிப்பு: தம்பியின் தடித்த இதயத் தசை, எம்.ஆர்.ஐ., மரபணுச் சோதனை முடிவுகள்

தை மாதம் இங்கே கேட்டிருந்தேன்: யாழ்ப்பாணத்தில் எடுத்த எக்கோவில் (ஒலியலை மூலம் எடுக்கும் இதய ஸ்கேன்) தம்பியின் இதயச் சுவரின் தடிப்பு 14 மில்லிமீற்றர், 15 வந்தால்தான் இதயத் தசை தடிக்கும் நோய் (ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி) உறுதி என்கிறார்கள், இனி என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"எக்கோவில் இதயத்தின் நுனி தப்பிவிடும், எம்.ஆர்.ஐ. எடுங்கோ" என்று எழுதிய அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. கொழும்பில் எடுத்தோம். நுனிப்பக்கம் 19! மருந்து ஏற்றிப் பார்த்ததில் இதயத் தசையில் தழும்பு மிகக் குறைவு. அதைக் கேட்டபிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

அப்புறம் மரபணுச் சோதனை. எம்.வை.பி.பி.சி.3 மரபணுவில் நோய் தரும் மாற்றம். சித்தப்பா இளவயதில் திடீரென இறந்ததால் அப்பா வழி என்றே நம்பியிருந்தோம். மாற்றம் இருந்தது அம்மாவிடம். 61 வயது, ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். எனக்கு இல்லை. தங்கைக்கு உண்டு, எக்கோ இப்போது சரி, ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தேடி வருகிறவர்களுக்கு: மரபணுச் சோதனைக்கு முதலில் நோயாளியின் இரத்தத்தையே கொடுங்கள். அதில் ஒன்றும் அகப்படாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. அப்போது பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் ஈசிஜி, எக்கோ தொடர வேண்டும்.