'செஸ் எஞ்சின்': பொறியா, எதிராளியா, கணியா?

அன்புடையீர், வணக்கம்.

சதுரங்க நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலான 'செஸ் எஞ்சின்' என்பதற்குத் தமிழில் பினாங்கு நண்பர் முன்மொழிந்த 'சதுரங்கப் பொறி' என்ற சொல்லையும், அதை மறுத்துக் கிள்ளான் அம்மையார் எழுதிய 'கணினி எதிராளி' என்ற சொல்லையும் படித்தேன். சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவன் நான். இரண்டு சொற்களையும் வகுப்பில் சில வாரங்கள் புழங்கிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

'சர்ச் எஞ்சின்' என்பதற்குத் 'தேடுபொறி' நிலைத்துவிட்டதால் இதையும் பொறி என்றே சொல்லலாம் என்ற வாதம் நியாயமானது. ஆனால் சதுரங்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தொடக்க ஆட்டத்தில் ஒரு சிப்பாயைத் தின்னக் கொடுத்து எதிரியின் ராணியைச் சிக்கவைக்கும் தந்திரத்தை நாங்கள் பொறி என்றுதான் சொல்கிறோம்; செம்பனைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு எலிப்பொறி தெரியும் என்பதால் அதை விளக்கவும் வேண்டியதில்லை. போன வாரம் பலகையில் ஒரு நிலையை அடுக்கி, "இதில் பொறி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். ஒரு பையன் சற்றும் தயங்காமல் மேசைமேல் நிரல் ஓடிக்கொண்டிருந்த என் கைப்பேசியைக் காட்டினான். அவன்மீது குற்றமில்லை.

'எதிராளி' எனக்கு மேலும் இடிக்கிறது. எதிராளி என்றால் போட்டி இருக்கவேண்டும். 1996இல் பிலடெல்பியாவில் உலக வெற்றியாளர் காஸ்பரோவ் முதல் ஆட்டத்தை ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியிடம் இழந்தும் 4–2 என்று வென்றபோது அந்தச் சொல் பொருந்தியது. மறு ஆண்டு நியூயார்க்கில், நொடிக்கு ஏறத்தாழ 200 மில்லியன் நிலைகளை அலசும்படி மேம்படுத்தப்பட்ட அந்த இயந்திரம் 3½–2½ என்று அவரை வென்றபோதும், 2002இல் பஹ்ரேனில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலுடன் 4–4 என்று சமன் செய்தபோதும்கூடப் பொருந்தியது. 2005இல் லண்டனில் ஹைட்ரா என்ற சதுரங்கக் கணினியுடன் ஆறு ஆட்டம் ஆடிய இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸ் அரைப் புள்ளி மட்டுமே எடுத்தார். அடுத்த ஆண்டு பான் நகரில், அப்போது உலக வெற்றியாளராக இருந்த கிராம்னிக், ஒரே நகர்வில் விழவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் ராணியை வேறிடத்துக்கு நகர்த்தி அந்த ஆட்டத்தை இழந்தார். போட்டியும் 4–2 என்று டீப் ஃபிரிட்ஸ் பக்கம் போனது. 2016இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவுக்கு ஒரு சிப்பாய், சில நகர்வுகள் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஏதேனும் ஒன்றை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடிய கொமோடோ நிரலும் 2½–1½ என்று வென்றது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல் சாதாரணக் கைப்பேசியிலேயே ஓடுகிறது. உலக வெற்றியாளராக இருந்த கார்ல்சன் எட்டிய உச்சத் தரப்புள்ளி, அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், 2882. நிரல்களின் தரப்பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் 3500ஐத் தாண்டி நிற்கிறது. அது நிரல்கள் தமக்குள் ஆடிப் பெற்ற எண் என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் சமநிலையில் தொடங்கும் ஆட்டத்தில் மனிதர் வெல்வார் என்று சொல்ல எந்தக் கிராண்ட்மாஸ்டரும் முன்வரமாட்டார்.

ஆகவே இந்த நிரல் இப்போது செய்யும் வேலை போட்டியிடுவதல்ல, ஆட்டநிலையை நிறுப்பது. என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பால் நிறுக்கும் தராசோடு சண்டை போட்டவர்களை அவருக்குத் தெரியும், போட்டி போட்டவர் யாருமில்லை.

அதனால் நான் 'ஆட்டக்கணி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காலத்தைக் கணித்துச் சொல்பவருக்குக் 'கணி' என்பது பழைய வழக்கு. கணியன் பூங்குன்றனார் பெயரிலும் அந்த வேர் இருக்கிறது. இந்த நிரலும் அடுத்தடுத்த நகர்வுகளைக் கிளை கிளையாகப் பிரித்து, பயனற்ற கிளைகளை வெட்டி, கடைசி நிலையைச் சிப்பாய்க் கணக்கில் மதிப்பிட்டுச் சொல்கிறது. காய்கள் இரு பக்கமும் சமமாக இருக்கும்போதே திரையில் வெள்ளைக்கு +1.5 என்று வரும், "ஒன்றரை சிப்பாய் எங்கே ஐயா இருக்கிறது?" என்று ஒரு சிறுமி பலகையை எண்ணிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டால் நகர்வுகளை வரிசையாகக் காட்டுமே தவிரக் காரணம் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தில் சோதிடர் என்ற பழைய பொருளும் அதற்குப் பொருந்தத்தான் செய்கிறது!

முதலில் 'காய்க்கணி' என்றுதான் நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதும் காய்கனிச் சந்தை நினைவுக்கு வந்துவிட்டதால் விட்டுவிட்டேன். 'ஆட்டக்கணி'யிலும் அந்தத் தொல்லை முழுமையாகத் தீரவில்லை. சென்ற சனிக்கிழமை சொல்லி எழுதச் சொன்னபோது பதினொரு பேரில் மூவர் 'ஆட்டக்கனி' என்று எழுதியிருந்தார்கள். ணகர னகரக் குழப்பம் ஒரு கலைச்சொல்லைத் தள்ளிவைக்கப் போதுமான காரணமா, அல்லது 'கணினி'யைப் போலப் பழகப் பழகச் சரியாகிவிடுமா என்பதை இலக்கணம் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து