ஃபிளாஷ் இல்லாமல் ஓசனிச்சிட்டைப் (ஹம்மிங்பேர்ட்) படம் எடுப்பது எப்படி? (கோஸ்டா ரிகா பயணம்)

மொட்டைமாடிக்காரன்:
பிப்ரவரியில் டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து 5 நாள் கோஸ்டா ரிகா. மலைப்பக்கம் சான் ஹெரார்தோ தே தோத்தாவில் மூன்று ராத்திரி, அப்புறம் கீழே சரப்பிக்கி பக்கம் இரண்டு. கையில் கிராப் சென்சார் (சின்ன சென்சார்) மிரர்லெஸ் கேமராவும் 100-400 லென்ஸும். போன தடவை ஷட்டரை 1/800 நொடியில் வைத்து மூவாயிரம் படம் சுட்டேன், தேறியது நாலு. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் புகை, கழுத்தோ கரிக்கட்டை. கூட வந்தவர்கள் பூவைச் சுற்றி நாலைந்து ஃபிளாஷை நிறுத்தி, பின்னால் பச்சை பிரிண்ட் அட்டை வைத்து எடுத்தார்கள். படம் என்னவோ அருமைதான், ஆனால் எல்லார் படமும் ஒரே படம். எனக்கு அது வேண்டாம். இருக்கிற வெளிச்சத்தில் என்ன செய்யலாம்?

ஐஎஸ்ஓ6400:
கணக்கைப் பாருங்கள். சின்ன ரகங்கள் நொடிக்கு 50 தடவை, அதற்கு மேலும் இறக்கை அடிக்கும். 1/800 என்றால் ஒரு முழு அடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தே கிடக்கிறது, புகை வராமல் என்ன செய்யும்? ஃபிளாஷ்காரர்கள் பவரை 1/16, 1/32 என்று இறக்கிவிடுவதால் வெளிச்சம் கண நேரம்தான் எரிகிறது, இறக்கையை நிறுத்துவது அந்த மினுக்கல், ஷட்டர் இல்லை. அதோடு போட்டி போடாதீர்கள்.

ஷட்டரை 1/2500இல் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறுகிறதே என்று பயப்படாமல் நீளமாக பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம்) அடியுங்கள். இறக்கை முன்னும் பின்னும் திரும்பும் நுனியில் ஒரு கணம் நிற்கும், பத்துப் படத்தில் ஒன்றிரண்டு அங்கே மாட்டும். மற்றதில் கண் கூர்மையாக இருந்தால் போதும், இறக்கை கலங்கியிருப்பது எனக்குப் பிடிக்கவே செய்கிறது. ஊதா சேபர்விங் மாதிரி பெரிய ரகம் வந்தால் இன்னும் சுலபம், அடி மெதுவு.

முக்கியமாக, சைலண்ட் ஷட்டரை (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) அணைத்துவிடுங்கள். பல கேமராக்களில் சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் இறக்கை நகர்ந்து, காற்றில் கிழிந்த வாழையிலை மாதிரி கோணிக்கொண்டு வரும்.

பனிமூட்டம்:
சார், கழுத்து கரிக்கட்டையானதற்கு கேமராவைத் திட்டாதீர்கள். அது சாயம் இல்லை, இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். கோணம் தப்பினால் அந்த நிறமே இல்லை.

அங்கே செர்ரோ தே லா முவெர்த்தே மலையில், கிட்டத்தட்ட 3000 மீட்டர் உயரத்தில், ஒரு காய்ந்த குச்சியில் ஃபியரி த்ரோட்டட் (நெருப்புக் கழுத்து) ஓசனிச்சிட்டு உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் வெறும் பச்சைக் குருவி, பெயரில் இருக்கிற நெருப்பைக் காணோம். பையை மூடப் போனேன். என் பக்கம் தலையைத் திருப்பியது பாருங்கள், அடுப்புத் தணலை ஊதின மாதிரி கழுத்து பற்றிக்கொண்டது, நடுவில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். மறுபடி திரும்பியதும் அணைந்துவிட்டது. சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால்தான் அதுவும் கிடைத்தது.

அதனால் ஃபீடரை (சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை) விட்டுவிட்டு குச்சியைத் தேடுங்கள். குடித்துவிட்டு அது பெரும்பாலும் அதே குச்சிக்குத்தான் திரும்பும், நான் பார்த்தது ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை வந்தது. வெளிச்சம் உங்கள் பின்னால் இருக்கும்படி, குச்சிக்குப் பின்னே காடு தள்ளி இருக்கும்படி நின்றுகொண்டு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். லேசான மேகம் இருந்தால் இன்னும் நல்லது.

வேலியோரம்:
இருட்டுக் காடு பின்னணி என்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், மவுண்டன்ஜெம் என்கிற ஓசனிச்சிட்டின் வெள்ளைக் கழுத்து வெளுத்துப் போகும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) முக்கால் ஸ்டாப் குறையுங்கள். வெள்ளை வானம் பின்னால் இருந்தால் நேர்மாறாக ஒரு ஸ்டாப்புக்கு மேலேயே கூட்டணும். சரப்பிக்கியில் ஏசி அறையிலிருந்து கேமராவைக் காலையில் வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும், ராத்திரியே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். அங்கே தோட்டங்களில் ஊதாப் பூச்செடி வேலி ஒன்று இருக்கும், நம்ம சீமை நாயுருவியின் சொந்தக்காரன். சின்ன ரகங்கள் அதைச் சுற்றியே கிடக்கும்.

கிளம்பும் வரை ஊரில் ஊதாத் தேன்சிட்டை எடுத்துப் பழகுங்கள். ஓசனிச்சிட்டுக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். ஆனால் கோணம் தப்பினால் கரி, சரியானால் ஊதா என்கிற அதே பாடு.

மொட்டைமாடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் ஆண் தேன்சிட்டு வந்தது, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு 1/2500இல் நாற்பது படம். முப்பத்தெட்டில் கரி, ரெண்டில் ஊதா. போன பயணத்து சராசரியைவிட இதுவே தேவலை. அங்கே குச்சியைத்தான் தேடப் போகிறேன். ஒரு சந்தேகம், தோத்தாவில் காலை ஆறு மணிக்கு எவ்வளவு குளிரும்? மகள் ஸ்வெட்டர் போதும் என்கிறாள்.

பனிமூட்டம்:
கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள் சார், விரல் நுனி திறந்த ரகம்.