தேன்மெழுகில் தோய்த்துச் செய்யும் திரி: பிப்ரவரி 2-க்குள் வீட்டிலேயே செய்ய வழி சொல்லுங்கள்

நிலாமுற்றம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவன்று கோவிலில் மந்திரிக்கக் கொண்டுபோகும் மெழுகுதிரிகளை இந்த முறை வீட்டிலேயே தேன்மெழுகில் செய்ய எண்ணம். அச்சில் ஊற்றும் முறை வேண்டாம். நூலைத் திரும்பத் திரும்ப மெழுகில் தோய்த்தெடுக்கும் பழைய முறைதான் வேண்டும். கைவசம் ஒன்றரைக் கிலோ கட்டி மெழுகு, 25 செ.மீ. உயரமும் 9 செ.மீ. அகலமும் உள்ள எவர்சில்வர் ஜக், விளக்குக்குப் போடும் பஞ்சுத்திரி ஆகியவை இருக்கின்றன. 20 செ.மீ. நீளத்தில் எத்தனை திரி வரும்? சூடு எவ்வளவு வைக்க வேண்டும்? செய்கிற நேரம் முழுக்கச் செபத்தில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு முக்கியம். அதற்கு ஏற்றபடி வேலையை எப்படி அமைப்பது?

மலைத்தேன்

முதலில் கணக்கு. அந்த ஜக்கில் மேலே இரண்டு, மூன்று செ.மீ. விட்டு நிரப்பவே 1.2 கிலோ மெழுகு பிடிக்கும். அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். திரி பருக்கப் பருக்க, உள்ளே இறக்கும்போது மெழுகு மேலேறி வழியும். 2 செ.மீ. பருமன், 20 செ.மீ. நீளத்தில் ஒரு திரி ஏறக்குறைய 60 கிராம். மீதமுள்ள 300 கிராமை இடையிடையே உருக்கி ஊற்றினாலும், மட்டம் 20 செ.மீ.க்குக் கீழே இறங்குவதற்குள் ஆறு திரிதான் தேறும். ஜக்கில் மிஞ்சுவதைக் குட்டைத் திரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டத்தை உயர்த்த அடியில் வெந்நீர் ஊற்றும் வழக்கமும் உண்டு. மெழுகு மிதக்கும் என்பதால் வேலை நடக்கும். ஆனால் திரியின் நுனி அந்தத் தண்ணீரைத் தொட்டுவிட்டால் நூல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு ஏற்றும்போது படபடவென்று வெடித்து அணையும். முதல் தடவையில் அது வேண்டாம்.

சூடு: தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும். தோய்ப்பதற்கு 68 முதல் 72 டிகிரி. 85-ஐத் தாண்டினால் நிறம் கறுத்து, தேன் மணமும் போய்விடும். ஜக்கை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. பெரிய குண்டானில் தண்ணீர் ஊற்றி, அடியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் ஜக்கை நிறுத்துங்கள். தண்ணீர் ஜக்கின் முக்கால் உயரம் வரை இருக்கட்டும். சமையல் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஓரத்தைப் பாருங்கள்: ஜக்கின் சுவரையொட்டி மெல்லிய ஆடை படியத் தொடங்கினால் சூடு குறைந்துவிட்டது, அடுப்பைச் சிறு தீயில் பற்றவைக்கலாம்.

இனித் தோய்ப்பது. நூலின் கீழ்முனையில் ஒரு சிறு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் முறை மட்டும் நூலிலிருந்து காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை மெழுகிலேயே இருக்க வேண்டும். எடுத்ததும் விரலால் நீவி நேராக்குங்கள். அடுத்ததிலிருந்து இறக்கி ஏற்றுவது மொத்தமே இரண்டு நொடி. உள்ளே நிறுத்தினால் ஏற்கெனவே ஏறிய மெழுகு கரைந்துவிடும். எத்தனை தடவை தோய்த்தும் திரி பருக்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான், அல்லது மெழுகு அதிகச் சூட்டில் இருக்கும். மேல்பரப்பு கட்டி கட்டியாக வந்தால் சூடு போதவில்லை. ஏழெட்டுத் தோய்ப்புக்குப் பிறகு நட்டை வெட்டி எடுத்துவிடலாம். 2 செ.மீ. பருமன் வர 25 முதல் 30 தடவை ஆகும். கடைசித் தோய்ப்பை மட்டும் 76–78 டிகிரியில் செய்தால் மேனி வழவழப்பாக இருக்கும்.

வேம்பு

பஞ்சுத்திரி ஆகாது. அது எண்ணெயை உறிஞ்சி எரிய உருட்டியது. மெழுகுதிரியில் போட்டால் நிமிர்ந்தே நின்று, நுனியில் கரிக்கொண்டை கட்டிப் புகைவிடும். மெழுகுதிரிக்கு நூல் பின்னலாக இருக்க வேண்டும். பின்னல் எரியும்போது ஒரு பக்கம் வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து சாம்பலாகிவிடும். கடையில் வாங்குவதானால் தேன்மெழுகுக்கென்று விற்கும் 'ஸ்கொயர் பிரெய்ட்' பருத்தித் திரியைக் கேளுங்கள். தேன்மெழுகு பிசுபிசுப்பு அதிகமுள்ளது, பாரஃபினுக்கு (கடைகளில் கிடைக்கும் சாதாரண மெழுகு) போடும் திரியைவிடக் கொஞ்சம் பருமனானது தேவைப்படும்.

வீட்டில் செய்ய: சாயம் ஏறாத வெள்ளைப் பருத்தி நூல். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து, நூலை ஒரு நாள் ஊறவிட்டு, இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் பிறகு மூன்று புரியாகப் பின்னுங்கள். வெங்காரம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எத்தனை இழை என்று எழுத்தில் சொல்ல முடியாது, நூலுக்கு நூல் பருமன் மாறும். 6, 9, 12 இழைகளில் மூன்று பின்னல் போட்டு, விரல் நீளத்தில் மூன்று சோதனைத் திரி செய்து, ஒரு மணி நேரம் எரித்துப் பாருங்கள். சுடர் சிறுத்து நடுவில் குழி விழுந்தால் நூல் மெல்லிசு. புகைந்தாலோ மெழுகு வழிந்தாலோ நூல் பருமன். இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேராக ஆறு திரியையும் செய்யாதீர்கள்.

நிறத்துக்கு மஞ்சள்தூளோ குங்குமமோ கலக்க நினைக்க வேண்டாம். தூள் மெழுகில் கரையாது, நூலில் ஏறி அடைத்துச் சுடரைக் கொன்றுவிடும். காய்ந்த பூ, பட்டை, கிராம்பைப் பதிப்பதும் ஆபத்து. மெழுகு இறங்கியதும் அதுவே இரண்டாவது திரியாகப் பற்றிக்கொள்ளும். தேன்மெழுகுக்குத் தனியாக வாசனை எதற்கு?

குமரிக்கரை

செபத்தைப் பற்றிக் கேட்டதற்கு: இந்த வேலையில் மெழுகே நேரத்தை அளந்து கொடுக்கிறது. ஒரு தோய்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று நிமிடம் வேண்டும். செபமாலையில் ஒரு பத்து மணி நிதானமாகச் சொல்ல ஆகும் நேரமும் அதுதான். ஒரு தோய்ப்பு, ஒரு பத்து மணி. தொடக்கத்து மூன்று மணியையும் சேர்த்தால், ஐந்து தோய்ப்பில் ஒரு 53 மணி செபம், அதாவது ஒரு முழுச் செபமாலை முடியும். 25 தோய்ப்பென்றால் ஐந்து செபமாலை. ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை, ஆனால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வதானால் மெழுகைச் சற்றுக் கூடுதல் சூட்டில் வைத்து முதல் தோய்ப்பை நாலைந்து நொடி நீட்டுங்கள். முழுக்க ஆறிய திரிமேல் புது மெழுகு ஒட்டாமல், எரியும்போது தோல் தோலாகக் கழன்று வரும்.

விரல் வைத்தால் ஒட்டாமலும் அதே நேரம் வெதுவெதுப்பாகவும் இருப்பதுதான் அடுத்த தோய்ப்புக்குச் சரியான பதம். வெயில் ஏறிய பிறகு அந்தப் பதம் வரத் தாமதமாகும், விடியற்காலையில் தொடங்குங்கள். அவசரப்பட்டு மின்விசிறியைப் போட்டால் ஒரு பக்கம் முன்னால் இறுகித் திரி கோணும். கோணினால் இளஞ்சூட்டிலேயே வழவழப்பான கல்மேல் உருட்டி நேராக்கலாம்.

அடுப்பைப் பார்ப்பவரும் செபத்தை நடத்துபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். கண்மூடிச் செபிப்பவர் பக்கத்தில் சூடான மெழுகு இருக்கக் கூடாது. மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைப் போட்டு மூடி அடுப்பை அணைக்க வேண்டும். மூடியைத் தொடங்கும்போதே கையெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள்.

மலைத்தேன்

மூன்று நிமிடம் சும்மா இருப்பதற்குப் பதில் மூன்று கம்பியில் இரண்டிரண்டு நூல் தொங்கவிட்டுச் சுழற்சியில் தோய்த்தால் ஆறு திரியும் ஒரே காலையில் முடிந்துவிடும். ஒரு கம்பி மெழுகில் இருக்கும்போது மற்றவை ஆறும்.

குமரிக்கரை

முடியும், விற்பனைக்கு அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அவர் கேட்டது வேறு. மூன்று கம்பி வைத்தால் நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து எது முதலில் எது அடுத்தது என்று எண்ண வேண்டும். மனம் எண்ணிக்கையிலேயே நிற்கும். ஒரு கம்பி, இரண்டு திரி, ஒரு காலை. மூன்று காலையில் ஆறு. உயிர்ப்புப் பெருவிழா இரவில் பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீக்களின் உழைப்பைச் சொல்லித்தான் பாஸ்கா திரியை ஒப்புக்கொடுக்கிறோம், அந்த மெழுகை அவசரமில்லாமல் கையாளலாமே.

வேம்பு

செபத்தோடு திராடகத்துக்கும் (சுடரை இமைக்காமல் பார்க்கும் யோகப் பயிற்சி) இதையே ஏற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சுடர் கண் மட்டத்தில், ஒரு கை நீளத்துக்குச் சற்றுத் தள்ளி, காற்றில்லாத இடத்தில் இருக்க வேண்டும். கண்ணில் நீர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். காற்றே இல்லாமலும் சுடர் ஆடினால் நூல் நீளம். ஏற்றும் முன் 6 மி.மீ.க்கு வெட்டுங்கள். அணைக்க ஊதாமல், குச்சியால் நூலை உருகிய மெழுகில் சாய்த்து நிமிர்த்திவிட்டால் புகை வராது, அடுத்த முறை உடனே பற்றும்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. சோதனைத் திரியிலிருந்தே தொடங்குகிறோம். வாங்கிய மெழுகு கலப்படமில்லாததா என்று எப்படிப் பார்ப்பது?

மலைத்தேன்

நகத்தால் கீறுங்கள். பாரஃபின் கலந்திருந்தால் தொட வழுக்கலாக இருக்கும், கீறல் வெள்ளையாகச் செதில் செதிலாக உதிரும். நல்ல தேன்மெழுகு நகத்தோடு சுருண்டு ஒட்டும், உடைத்த இடம் பளபளப்பில்லாமல் மணல்மணலாக இருக்கும். சில வாரத்தில் திரிமேல் வெண்பொடி பூத்தால் பூஞ்சை என்று பயப்படாதீர்கள். அது தேன்மெழுகுக்கு இயல்பு, மெல்லிய துணியால் துடைத்தால் போகும்.

மறுமுறை வாங்கும்போது மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். அடையாகக் கிடைத்தால் தண்ணீரோடு உருக்கிப் பருத்தித் துணியில் வடித்து, மூடி வைத்து மெதுவாக ஆறவிட்டு, கட்டியின் அடியில் படியும் கசடைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரம் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வரே நல்லது.

குமரிக்கரை

முடித்த திரிகளைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்து வையுங்கள், நிறுத்தி வைத்தால் சித்திரை வெயிலில் வளைந்துவிடும். மந்திரித்த திரி எரிந்து மிஞ்சும் துண்டுகளைக் குப்பையில் போடாமல் தனி டப்பாவில் சேர்த்து, அடுத்த ஆண்டு மெழுகோடு உருக்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய வாசனைத் திரிகளின் துண்டு எதுவும் அந்த டப்பாவில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.