புதுப்பிப்பு: அட்வெந்து நாட்களில் ஜெபத்திற்கு நேரமில்லை என்று எழுதியது குறித்து

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான அட்வெந்தின் முதல் ஞாயிறன்று, பலகார வேலையும் வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கீதபவனியும் விருந்தினர் வருகையும் சேர்ந்து என் ஜெப நேரத்தை விழுங்கிவிடுவதாக இங்கே எழுதியிருந்தேன். அதிகாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு சிலர் ஆலோசனை கூறியிருந்தீர்கள். அம்முயற்சி மூன்றாம் நாளே நின்றுபோனது. முந்தைய இரவு பதினொன்றரை மணிவரை கீதபவனியில் பாடிவிட்டு வந்தவள், முழங்காலிலேயே தூங்கிவிட்டேன்.

ஆகவே நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, இடத்தையும் அடுப்படிக்கு மாற்றிக்கொண்டேன். வேதாகமத்தில் லூக்கா 10ஆம் அதிகாரத்தில், தம்மை வீட்டில் ஏற்று உபசரிக்கும் வேலையில் மும்முரமாயிருந்த மார்த்தாளிடம் இயேசு சுட்டிக்காட்டியது அவள் செய்த வேலையை அல்ல, பலவற்றைக் குறித்து அவள் கவலைப்பட்டுக் கலங்கியதையே என்பதை இம்முறைதான் நிதானமாகக் கவனித்தேன். அச்சை எண்ணெயில் சூடாக்கி, மேல்விளிம்பு மூழ்காதபடி மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கி, அச்சுமுறுக்கு கழன்று வரும்வரை காத்திருக்கும் இடைவெளியில், வீட்டுக்கு வரவிருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். (அவசரப்பட்டு உலுக்கினால் முறுக்கு உடைந்துவிடுகிறது.) ஓர் உறவினர் பெயரைச் சொல்ல மட்டும் நான்கு நாட்கள் ஆயின.

வேலை குறையவில்லை, நேற்றுகூட கேக்கிற்கு முந்திரி வாங்க மறந்தேன். ஆனால் என் சிடுசிடுப்பு குறைந்திருப்பதாக அத்தை சொன்னார்கள். அவர்கள் எளிதில் பாராட்டுகிறவர்கள் அல்ல.