ராகிக் கொல்லையில் யானை: பெங்களூரைச் சுற்றி ஃபார்ம் ஸ்டே போனவர்களே, உங்களுக்கு மனதில் நின்றது எது?

பன்னேர்கட்டா ரோடு

போன டிசம்பரில் நடந்தது. கனகபுரா ரோட்டிலிருந்து இடதுபுறம் உள்ளே போனால் காட்டோரமாக வரிசையாக ஃபார்ம் ஸ்டே இருக்கிறதே, அதில் ஒன்று. பெயர் வேண்டாம். நாலு குடும்பம், ஏழு பிள்ளைகள். பகலில் மாட்டுக்குப் புல் போட்டது, பம்புசெட்டில் குளித்தது, மதியம் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

ராத்திரி பத்தரைக்கு அங்கே வேலை செய்யும் பையன் ஓடி வந்து "யானை, யானை" என்றான். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். ஃபோகஸ் லைட்டைத் திருப்பினான். வேலிக்கு அந்தப் பக்கம் ராகிக் கொல்லை. மூன்று பெரிசு, ஒரு குட்டி. யானை ராகி தின்று பார்த்திருக்கிறீர்களா? கொத்தாகப் பிடுங்குகிறது, வேரிலிருக்கும் மண் போக முன்னங்காலில் நாலு தட்டுத் தட்டுகிறது, அப்புறம்தான் வாயில் வைக்கிறது. வீட்டில் கீரைக்கட்டை உதறுவார்களே, அதே மாதிரி. குட்டிக்கு அந்தப் பக்குவம் வரவில்லை, மண்ணோடு தின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். கைதட்டினோம். முதலில் தட்டியது நான்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

திரும்பினால், மாடிப்படியின் மேல்படியில், மதியம் எங்களுக்குக் களி கிண்டிப் போட்ட அம்மா நிற்கிறார். கையில் ஒரு காலி தகர டின், ஒரு குச்சி. அந்தக் கொல்லை அவருடையது. தட்டி விரட்ட வந்தவர், விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று தட்டாமல் நின்றிருக்கிறார்.

அவ்வளவுதான். எங்கேயாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டை மருமகன்

டின் தட்டினால் போகிற யானையெல்லாம் எங்கள் மாமனார் காலத்தோடு சரி சார். இப்போது வருகிறவை டின்னுக்கும் பட்டாசுக்கும் பழகியவை.

என் கதை சின்னது. கல்யாணமான புதிதில் மாமனார் கொல்லையில் பரண்மேல் ஒரு ராத்திரி படுத்தேன். மூன்று மணிக்கு எழுப்பி, வாயில் விரல் வைத்துக் கீழே காட்டினார். பரண் காலை ஒரு யானை முதுகால் உரசிக்கொண்டிருந்தது. பரண் ஆடியது. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என் கையைத் தொட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யானை "ஊருக்குள் வருகிறது" என்று பேசுகிறோம். ராகி முற்றுவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த நேரம் பார்த்து பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கூட்டம் வரும். வருஷா வருஷம் வரும். அதற்கு மாநில எல்லை கிடையாது. 2023 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மட்டும் 6,395 யானைகள். நாட்டிலேயே அதுதான் அதிகம். அவ்வளவு யானை நடக்கிற வழியில் குறுக்கே காம்பவுண்டு கட்டி, லைட் போட்டு, வாரக் கடைசிக்கு வாடகைக்கு விட்டால், அது பக்கத்துக் கொல்லைக்குத்தான் திரும்பும்.

ஃபார்ம் ஸ்டே புக் பண்ணும்போது இதைக் கேளுங்கள்: வேலி என்ன வேலி? சோலார் வேலி என்றால் யானைக்கு வலிக்கும், சாகாது. மெயின் லைனிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்திருந்தால் அது கொலை. யானையும் சாகும், அடுத்த நாள் மாடு மேய்க்கிற பையனும் சாவான். அகழி இருக்கிறதா, இரவில் மியூசிக் உண்டா, கேம்ப் ஃபயர் எத்தனை மணி வரை, எல்லாம் கேளுங்கள். "எலிஃபென்ட் சைட்டிங் கேரண்டி" என்று எழுதியிருந்தால் போகவே போகாதீர்கள்.

சோம்பேறி கோடர்

வேலி விஷயமெல்லாம் சரி. அது இருக்கட்டும் அண்ணா, அந்த அம்மா ஏதாவது சொன்னார்களா?

மாரிக்குப்பம் பாசஞ்சர்

நான் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல். சுரங்கம் 2001இல் மூடியபோது அப்பாவுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது. அப்போதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. கோலார் எனக்குச் சுற்றுலா ஊர் இல்லை, பஸ் மாறுகிற ஊர்.

போன வருஷம் டீமோடு கோலார் பக்கம் ஒரு மாந்தோப்பு ஃபார்ம் ஸ்டே. என் சொந்த மாவட்டத்துக்கே ஆபீஸ் செலவில் டூர். சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தரகங்கை மலை ஏறி, கல் காளை வாயிலிருந்து விழும் தண்ணீர் குடித்து, மத்தியானம் கோலாரம்மா கோயில். தேள் கடிக்கு வேண்டிக்கொள்கிற கோயில். அங்கே தேள் தெய்வம் செல்லம்மாவுக்கு உண்டியல் பெட்டி கிடையாது, தரையிலேயே ஒரு குழி. காசைப் போட்டால் உள்ளே எங்கேயோ போய் விழுகிற சத்தம் கேட்கும். சின்ன வயதில் அம்மா என் கையால் போட வைத்தது நினைவிருக்கிறது.

கூட வந்தவன் சுவரைக் காட்டி "இது என்ன எழுத்து, பழைய கன்னடமா?" என்றான். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு வரியில் "ட" இருந்தது. பக்கத்தில் "ப". கொஞ்சம் தள்ளி "ம" மாதிரி ஒன்று. கைவிரலை வைத்துக்கொண்டே போனேன். அர்த்தம் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுத்துக்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகின்றன. ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தச் சுவரில் சாய்ந்து நான் எத்தனை தடவை புளிசாதம் தின்றிருப்பேன்!

கூட வந்தவன் "அப்ப நீங்க இங்க வந்தேறி இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விளையாட்டுக்குத்தான். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

சாம்ராஜ்பேட்டை தாத்தா

தம்பி மாரிக்குப்பம், கோபித்துக்கொள்ளாதே. கல்வெட்டைக் கண்டதும் "நம்முது" என்று கிளம்புகிற பழக்கம் எனக்கும் இருந்தது. கோலார் சோழர் வருவதற்கு முன்பே கங்கர் ஊர். குவளாலம் என்று பெயர், அவர்களுடைய முதல் தலைநகர். சோழன் வந்தான், எழுதினான். அவனுக்குப் பின்னால் ஹொய்சளர். ஒரே சுவரில் ஆள் மாற்றி ஆள் எழுதியிருக்கிறார்கள். கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் என்ற கல்வெட்டு ஆய்வாளர் 1905லேயே தொகுத்து அச்சிட்டுவிட்டார், தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் உண்டு. நம்மில் யாரும் புரட்டுவதில்லை.

என் கதை ஒரு வரி. மேகேதாட்டு. நம்மவர்கள் ஆடுதாண்டும் காவிரி என்பார்களே, அது. முட்டியளவு தண்ணீரில் நின்ற என் தங்கை பையனை, முழங்கையைப் பிடித்து ஒரு பரிசல்காரர் கரைக்குத் தூக்கிப் போட்டார். திட்டவும் செய்தார். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

ஃபார்ம் ஸ்டேகாரர்கள் காலையில் இட்லி போட்டுவிட்டு "சங்கமம் பக்கம்தான் சார், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதனால் சொல்கிறேன். அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமத்தில் அகலமாக, அமைதியாக ஓடும். மேலே பார்த்தால் தெப்பக்குளம். அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் அதே ஆறு பாறைக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது. அவ்வளவு தண்ணீரும் அந்த இடுக்கில் போக வேண்டும் என்றால் அடியில் என்ன வேகம் இருக்கும், யோசியுங்கள். பாறையில் குடம் குடமாகக் குழி இருக்கும், தண்ணீர் கலங்கினால் தெரியாது. மேலே அணையில் திறந்துவிட்டால் இங்கே உங்களுக்கு யாரும் மணி அடிக்க மாட்டார்கள். பரிசல்காரர் இன்றைக்கு ஓட்டவில்லை என்றால், ஐம்பது ரூபாய் கூடத் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். பாசி படிந்த பாறையில் செருப்போடு ஏறாதீர்கள், செருப்பில்லாமலும் ஏறாதீர்கள். செல்ஃபிக்குப் பின்னால் நகராதீர்கள். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை.

மாரிக்குப்பம் பாசஞ்சர்

தாத்தா, நான் "நம்முது" என்று சொல்லவே இல்லையே. புளிசாதம் தின்றேன் என்றுதான் சொன்னேன்.

திருக்கோவிலூர்க்காரன்

நந்தி மலை அடிவாரம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஃபார்ம் ஸ்டே. மலை மேல் போகவில்லை. ஞாயிறு விடியலில் அந்தச் சாலையில் கார்கள் நிற்கிற நிற்பு தெரியும்தானே. போகநந்தீசுவரர் கோயிலுக்கு மட்டும் போய்விட்டு, சாயங்காலம் தோட்டத்துப் பையனோடு சும்மா நடந்தேன். புதர் மண்டிய ஒரு வாய்க்கால் வந்தது. பையன் ஒரே எட்டில் தாண்டினான். நானும் தாண்டினேன், செருப்புகூட நனையவில்லை. "இதுதான் சார் தட்சிண பினாகினி" என்றான்.

எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. தட்சிண பினாகினி என்றால் எங்கள் தென்பெண்ணை. தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்ப்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போவேன்; அக்கரை ஆட்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். அந்த ஆற்றை இப்போதுதான் ஒரே எட்டில் தாண்டினேன். திரும்பி இந்தப் பக்கம் வர மனசு வரவில்லை. பையன் விசித்திரமாகப் பார்த்தான்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "நம்ம ஆறாடா? தண்ணி ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுதும்மா, நல்லா ஓடுது" என்றேன்.

இந்த ஆறு இங்கிருந்து ஹொஸ்கோட்டே வழியாக இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிக் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளிக்குப் போகிறது. அங்கே மதகைத் திறந்தால் நுரை வீடு உயரத்துக்கு எழும்புவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதையும் தாண்டி கிருஷ்ணகிரி, சாத்தனூர், அப்புறம்தான் எங்கள் ஊர். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சோம்பேறி கோடர்

சார், நான் வர்த்தூர் ஏரிக்கரை அபார்ட்மென்ட். அந்த நுரையில் என் வீட்டு வாஷிங் மெஷினும் இருக்கிறது. ஒன்றும் சொல்வதற்கில்லை.

இரட்டைக்குழந்தை அம்மா

கொக்கரெ பெள்ளூர் யாரும் சொல்லவில்லையே? மைசூர் ரோட்டில், மத்தூருக்கு முன்னால் உள்ளே திரும்ப வேண்டும். மார்ச்சில் போனோம். ஊர் நடுவே புளியமரம் எல்லாவற்றிலும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். வேடந்தாங்கல் போல தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டியதில்லை, வீட்டு வாசலுக்கு மேலே இருக்கும். நாற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: கர்ச்சீப் போதாது.

ஒரு வீட்டு முன்னால் காரை நிறுத்தினோம். தொப்பென்று ஒரு சத்தம். கூழைக்கடாக் குஞ்சு, இறகு முளைக்காதது, பானட் பக்கத்தில் விழுந்து கிடக்கிறது. என் பையன் தொடப் போனான், நான் "சீ, கைய எடு" என்று கத்தினேன். அந்த வீட்டுப் பாட்டி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து, அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு போனார். விழுகிற குஞ்சுகளை அடைத்து மீன் போட்டு வளர்க்க ஊரிலேயே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள்.

என் கணவர் அவரிடம், "இந்தப் பறவைகளால் புளி எல்லாம் வீணாகாதா?" என்று கேட்டார். மரத்துக்காரர்களுக்கு வனத்துறை ஏதோ தொகை தருவதுண்டாம். எச்சத்தை நிலத்துக்கு எருவாகப் போடுவார்களாம். பாட்டி அதை எல்லாம் சொல்லவில்லை. "மகள் பிரசவத்துக்கு வந்தால் புளிக்குக் கணக்கு பார்ப்பாயா?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையன் கேட்டான்: "நீ ஏன் சீன்னு சொன்ன?" பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் கேட்டான்.

தேன்கனிக்கோட்டை சார், நீங்கள் சொன்ன வேலி விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். ஆனால் பன்னேர்கட்டா ரோடு அண்ணா கேட்டது வேலியைப் பற்றி இல்லை. சோம்பேறி கோடர் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

தேன்கனிக்கோட்டை மருமகன்

வேலியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது மேடம்? அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு கிடைத்ததா என்று யாராவது கேட்டீர்களா? காலையில் போட்டோ எடுத்து, வனத்துறைக்கு மனு எழுதி, வந்தவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். படித்தவர்கள் நாலு குடும்பம் அங்கே இருந்திருக்கிறீர்கள்.

பன்னேர்கட்டா ரோடு

போடவில்லை. அது தோன்றவே இல்லை. காலையில் எட்டு மணிக்கு செக் அவுட், ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்றுதான் அவசரம்.

சோம்பேறி கோடர், முதலில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பை மொச்சைக்காய் கொண்டுவந்து கார் ஜன்னல் வழியாக என் மனைவி மடியில் வைத்தார். வாங்கிக்கொண்டோம். என்ன பேசுவது என்று தெரியாமல், "ராகி எப்போது அறுப்பு?" என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன்.

"இன்றைக்குத்தான் ஆள் சொல்லியிருந்தோம்" என்றார்.